ஃபியூஸ் அடிக்கடி போற ஆம்ப்ப ரிப்பேருக்கு குடுக்கப் போறீங்களா, இத படிச்சுட்டு போங்க

வால்வு ஆம்ப், அதாவது ட்ரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடி வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வச்சிருக்கறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளம் தான். என்னோடது ரெண்டு ஈஎல் 34 பவர் வால்வு போட்ட 50 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டி). ஆன் பண்ணா ஜம்முனு பாடும், சூடேறுன கொஞ்ச நேரத்துல பட்டுனு அடங்கிடும், பின்னாடி பாத்தா ஃபியூஸ் போயிருக்கும். புதுசு போட்டாலும் அதே கதை. வால்வு ஆம்ப்லாம் நமக்கு தண்ணி பட்ட பாடுனு சொன்ன ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போய் விட்டேன். கடை பேரு போடல, கேக்காதீங்க.

"வால்வு ரெண்டும் அவுட்டு சார், ஜோடியா புதுசு மாத்திட்டேன், இனிமே ஃபியூஸ் போகவே போகாது"னு சொல்லி ஒரு பெரிய பில்ல நீட்டுனாரு. சொன்ன மாதிரியே ஃபியூஸ் போகல. ஆனா கொஞ்ச நாள்ல வாசிச்சிட்டு இருக்கும்போதே சவுண்டு கமறலா மாறிச்சு, வார்னிஷ் பொசுங்குற வாடை, பின்பக்க கம்பி வலை வழியா பாத்தா ஒரு வால்வுக்குள்ள ப்ளேட்டு செக்கச்செவேல்னு பழுத்து நிக்குது, நான் எட்டி ப்ளக்க புடுங்குறதுக்குள்ள பவர் ட்ரான்ஸ்ஃபார்மர்லேந்து புகை வந்துடுச்சு. ஆறுனதுக்கப்புறம் ஃபியூஸ் ஹோல்டர திருகி எடுத்தா உள்ள 10 ஆம்பியர் ஃபியூஸ் உக்காந்திருக்கு. ஹோல்டருக்கு மேலயே டி 2 ஏ னு அச்சடிச்சிருக்கான், அதாவது 2 ஆம்பியர், ஸ்லோ ப்ளோ டைப்பு (ஆன் பண்ற நேரத்துல கரண்ட் கொஞ்சம் எகிறுனாலும் உடனே போகாம தாங்குற ஃபியூஸ்). அந்த ஆளுக்கு இது தெரியாம இல்ல, தெரிஞ்சே தான் போட்டிருக்காரு.

வேற ஒருத்தர் திறந்து பாத்தப்ப தான் முழு லட்சணமும் வெளிய வந்துச்சு. இந்த மாதிரி ஆம்ப்ல பவர் வால்வோட கிரிட்டுக்கு (வால்வுக்குள்ள கரண்ட கட்டுப்படுத்துற கம்பிக்கு) எப்பவும் ஒரு நெகட்டிவ் வோல்டேஜ் போய்ட்டே இருக்கணும், மைனஸ் 40 வோல்ட் பக்கம், அது தான் வால்வு கண்டபடி கரண்ட் இழுக்காம புடிச்சு வைக்கும். இந்த வோல்டேஜுக்கு பேரு தான் பயாஸ். என்னோடதுல அந்த பயாஸ் லைன்ல இருந்த கெப்பாசிட்டர் காஞ்சு போய் வோல்டேஜ் சூடேற ஏற எறங்கிட்டே வந்திருக்கு. பழைய கெப்பாசிட்டர் தான், சால்டரிங்க ஒருத்தரும் தொட்ட தடமே இல்ல. ஜோடினு சொன்ன வால்வு ரெண்டும் வேற வேற கம்பெனி, இதுக்கு என்னத்த சொல்ல. ஃபியூஸ் அத்தன தடவ செத்து செத்து காப்பாத்துன ட்ரான்ஸ்ஃபார்மர 10 ஆம்பியர் போட்டு கொன்னுட்டாரு. போய் கேட்டதுக்கு "அது வேற ப்ராப்ளம் சார், கரண்ட் ஏத்த எறக்கமா இருந்திருக்கும்"னு முடிச்சுட்டாரு.

ஃபியூஸ் எப்ப போகுதுன்னு கவனிச்சு வைங்க, மெக்கானிக் கதை விட்டா புடிச்சுடலாம். மெயின் சுவிட்ச போட்ட உடனே போனா ரெக்டிஃபையர் (ஏசிய டிசியா மாத்துறது), ஃபில்டர் கெப்பாசிட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் இதுல ஷார்ட் இருக்கலாம். ஸ்டாண்ட்பை சுவிட்ச (வால்வு சூடான அப்புறம் ஹை வோல்டேஜ விடுற ரெண்டாவது சுவிட்ச்) தட்டுனதும் போனா கோளாறு ஹை வோல்டேஜ் பக்கம். என்னோடது மாதிரி சூடேறி போனா வால்வு இல்லனா பயாஸ். ஆஃப் பண்ணி, ப்ளக்க புடுங்கி, ஆற விட்டு பவர் வால்வ மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணும்போது ஃபியூஸ் நிக்குதுன்னா ட்ரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் தப்பிச்சிருக்கு. செத்த ஃபியூஸையும் தூக்கி போடாதீங்க, கண்ணாடி உள்பக்கம் கருப்பாவோ வெள்ளி மாதிரியோ அப்பியிருந்தா பலமான ஷார்ட், கம்பி நடுவுல மட்டும் அமைதியா உருகியிருந்தா லேசான ஓவர்லோடு. ஆனா சேசிஸ திறந்து நோண்டாதீங்க ப்ளீஸ், ப்ளக்க புடுங்குன அப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல கூட நிக்கலாம், ஆளையே சாச்சுடும்.

குடுக்கறதுக்கு முன்னாடி "சீரிஸ் லேம்ப் வச்சு செக் பண்ணுவீங்களா"னு கேளுங்க. ஒரு குண்டு பல்ப ஆம்போட சீரிஸா போட்டு ஆன் பண்றது தான், எல்இடி பல்பு ஆகாது. பிரகாசமா எரிஞ்சு மங்குனா உள்ள பெரிய ஷார்ட் இல்ல, பிரகாசமாவே நின்னா ஷார்ட். செலவில்லாத டெஸ்ட், இது என்னன்னு முழிக்கிற ஆள்கிட்ட வால்வு ஆம்ப குடுக்காதீங்க. வாங்கும்போது மாத்துன பழைய பார்ட்ஸ கேட்டு வாங்குங்க, பயாஸ் எவ்ளோ வச்சிருக்குனு பில்லுல எழுத சொல்லுங்க, காச எடுக்கறதுக்கு முன்னாடி ப்ளக் போடாம அங்கயே நின்னு ஃபியூஸ் ஹோல்டர திருகி பேனல்ல போட்டிருக்கறதும் உள்ள இருக்கறதும் ஒன்னானு பாருங்க.

ட்ரான்ஸ்ஃபார்மர் ரீவைண்டிங்குக்கு போயிருக்கு, பயாஸ் கெப்பாசிட்டர் மாத்தியாச்சு. அந்த 10 ஆம்பியர் ஃபியூஸ பில்லோட சேத்து பின் அடிச்சு வச்சிருக்கேன், பாதி காசாவது திருப்பி வாங்காம விடறதா இல்ல.