வயல் நைட்ரேட்டைத் தடுக்கப் புல்பட்டையா, மூடுபயிரா, செயற்கை ஈரநிலமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சதுப்பாகக் கிடந்த மண்ணை மக்காச்சோள வயலாக்க, நிலத்தடியில் வடிகுழாய்களைப் பதித்தார்கள். இன்று உரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் நீரில் கரைந்து வரும் நைட்ரேட் அந்தக் குழாய்கள் வழியே நேராக ஓடைக்குப் போய்விடுகிறது. ஆலைக்கழிவு என்றால் ஒரு வாயை அடைத்தால் போதும். இது ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. நீரோட்டத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் டெ மொயின் நகரத்தின் குடிநீர் நிறுவனம், நைட்ரேட்டை நீக்க மட்டுமே தனி நிலையம் வைத்திருக்கிறது. 2015இல் மேல்பகுதியில் வடிகால்களை நிர்வகிக்கும் அமைப்புகள் மீது வழக்கும் தொடுத்தது. 2017இல் அது தள்ளுபடியானது.

உரத்தைக் குறைத்தால் போதாதா? அயோவா 2013இல் வெளியிட்ட மாசுக்குறைப்புத் திட்டத்தின்படி, சரியான அளவில் உரமிட்டாலும் நைட்ரேட் சராசரியாக 10 சதவீதம்தான் குறையும். மண்ணின் மட்கிலிருந்தும் அது ஊறிக்கொண்டே இருக்கிறது.

அதே திட்டத்தில் ஓடைக்கரைப் புல்பட்டைக்கு 91 சதவீதம் போட்டிருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வேர்ப்பகுதியைத் தொட்டுப் போகும் நீருக்கு மட்டுமே அது பொருந்தும். குழாய்நீர் புல்லுக்கு அடியிலேயே கடந்துவிடும். சரிவில் மண் அரிப்பைத் தடுக்கப் புல்பட்டை அருமையானது. குழாய் பதித்த வயலின் நைட்ரேட்டுக்கு அதை நம்ப முடியாது.

அடுத்து மூடுபயிர்: அறுவடைக்குப் பின் நிலத்தை மூடி வைக்க ரை (rye) என்ற தானியப் பயிரை விதைத்தால் 31 சதவீதம் குறையும். நைட்ரேட் வயலை விட்டு வெளியேறும் முன்பே பிடிபடுகிறது, மண்ணும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் வருடா வருடம் விதைக்க வேண்டும். அங்கே பாதிக்கு மேல் குத்தகை நிலம். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எப்படிச் செலவழிப்பார்?

அப்புறம் செயற்கை ஈரநிலம்: 52 சதவீதம். குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் ஆழமில்லாத குளம், அதில் சம்பு போன்ற நீர்த்தாவரங்கள். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. மாசு இடம் மாறுவதில்லை, நைட்ரேட்டாகவே இல்லாமல் போகிறது. பல பேருடைய வயல் நீரை ஒரே குளம் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி விவசாய முறையை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

குறை இல்லாமலில்லை. வசந்த காலத்தில் நீர் அதிகமாகவும் குளிர்ந்தும் வரும்; பாக்டீரியாவும் மந்தமாகிவிடும், நீரும் குளத்தில் தங்காது. வயலிலிருந்து வரும் இன்னொரு உரச்சத்தான பாஸ்பரஸுக்கு வாயுவாகிப் போகும் வழி கிடையாது. சேற்றில்தான் படியும், பிறகு கசியவும் கூடும்.

ஒற்றை வயலுக்கு, குழாய்நீரை மரச்சில்லு நிரப்பிய குழி வழியே விட்டால் போதும். 43 சதவீதம் நீக்கும், இடமும் குறைவு. சில்லு மட்கியதும் மாற்ற வேண்டும்.

ஈரநிலத்தில் அளவு முக்கியம். தனக்கு நீர் அனுப்பும் பரப்பில் அரை முதல் இரண்டு சதவீதமாவது குளம் இருக்க வேண்டும் என்பது அயோவாவின் வழக்கம். அதைவிடச் சின்னதாக வெட்டினால், மழைக்காலத்தில் நீர் நிற்காமல் ஓடிவிடும்.