பழனி மலை: படியா, விஞ்சா?

பழனி தண்டாயுதபாணியைத் தரிசிக்க வருவோர் அடிவாரத்திலேயே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: படியேறுவதா, தண்டவாளத்தில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் விஞ்சு போன்ற வண்டியில் செல்வதா? 693 படிகளையும் கால்நடையாக ஏறுவோருக்கு வழிபாடு பாத விநாயகரிடமே தொடங்கிவிடுகிறது. வழியில் இடும்பன் சன்னதியில் நின்று, காவடியின் மூலக்கதையை நினைத்துக்கொண்டு, அரோகரா முழக்கத்தோடு மூச்சையும் ஒழுங்குபடுத்தியபடி மேலே செல்லும் அந்த ஏற்றமே வழிபாட்டின் பெரும்பகுதி என்பது என் கருத்து. படிகள் கடினமாகத் தோன்றினால், சரிவு குறைந்த யானைப்பாதையும் உண்டு.

1966-இல் தொடங்கிய விஞ்சும் 2004-இல் வந்த ரோப் காரும் சில நிமிடங்களில் உச்சியில் சேர்த்துவிடுகின்றன. முழங்கால் வலியுள்ள முதியோருக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் இவையே தக்க வழி. இதனால் பக்தி குறைந்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எனினும் தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற கூட்ட நாட்களில் விஞ்சுக்கான வரிசையில் காத்திருக்கும் நேரத்திற்குள், உடல்நலமுள்ள ஒருவர் நிதானமாகப் படியேறியே விடலாம். ரோப் காரை மட்டும் நம்பி வருவோர், பராமரிப்புக்காக அது நிறுத்தப்படும் நாட்களை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது நல்லது. பலத்த காற்று வீசினாலும் அது ஓடாது.