காரைக்குடியில் பழைய காகிதம் வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குக் கதவையும் எனாமல் பாத்திரத்தையும் தேடி வருகிறார்கள். மறந்துபோன வரலாற்றை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு வேண்டியது, பின்பக்கம் சாக்கில் கிடக்கும் காகிதம். அந்த வகையில் நான் வழக்கமாகச் செல்லும் கடை சரக்கில் முதல் தரம், பராமரிப்பில் படுமோசம்.

பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார் குடும்பங்களின் பேரேடுகளும், அந்த வட்டிக்கடைகளை நிர்வகித்த மேலாட்களும் அவர்களுக்கு உதவியாக இருந்த அடுத்தாட்களும் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அங்கே நிறையக் கிடைக்கின்றன. 1930களின் தொடக்கத்தில் நெல் விலை சரிந்து, உழவர்கள் கடனை அடைக்க இயலாமல் போனதால், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 6 விழுக்காட்டிலிருந்து 1938க்குள் 25 விழுக்காடாகப் பெருகியது என்பதை அரசு அறிக்கையிலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் கைக்கு வந்த நிலத்தை விற்கவும் வழியில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்று ஒரு மேலாள் தம் முதலாளிக்கு எழுதியதை இந்தக் கடையில்தான் படித்தேன். பிள்ளையார் சுழி போட்டு, வசூல் விவரம் முழுவதையும் ஒப்பித்த பிறகு, கடைசி இரண்டு வரியில் மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்கிறார் மனிதர்.

அது எந்த ஆண்டுக் கடிதம் என்று சொல்ல முடியவில்லை. உள்ளே தை மாதம் என்று மட்டும் இருக்கிறது; உறையின் மூலையோ சதுரமாக வெட்டப்பட்டிருக்கிறது. தபால்தலையைச் சேகரிப்பாளர்களுக்குத் தனியே விற்றுவிடுவதால், முத்திரையும் அதிலிருந்த தேதியும் சேர்ந்தே போய்விடுகின்றன. பேரேடுகளையும் கண்ணாடிச் சட்டம் போடுவதற்காகத் தாள் தாளாகப் பிரிக்கிறார்கள். குடும்ப விலாசம் எழுதிய முதல் தாள்தான் முதலில் விலைபோகிறது. அது போனபின் எந்த ஊர், எந்த வீடு என்று கண்டுபிடிக்க வழியில்லை. கேட்டால், “வீடு இடிச்ச எடத்துல மொத்தமா எடுத்ததுண்ணே” என்பதுதான் பதில். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்புதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அவருக்கு அடுத்த ஊரிலா இப்படி என்று ஆத்திரமாகத்தான் வருகிறது.

இருந்தாலும் போகலாம். பிரிக்காத கட்டாகவே கேளுங்கள், தாள் கணக்கைவிட மலிவாக முடியும். முதல் தாள் வேறு யாருக்காவது பேசி முடிந்திருந்தால், படமெடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அதற்குக் கடைக்காரர் மறுப்புச் சொல்வதில்லை.