316 ஸ்டீல் என்று சொல்லி 2,400 வெள்ளியை விழுங்கிய பட்டறை: படகு வேலை கொடுப்பவர்கள் கவனம்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாளைக்கு வேறொருவர் இதே மாதிரி பணத்தைக் கட்டிவிட்டு நிற்கக்கூடாது. போனது 2,400 சிங்கப்பூர் வெள்ளி. வேலை கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சாங்கி பக்கம் சின்னதாக ஒரு பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். காற்றின் பலத்திலேயே சுக்கானைப் பிடித்துக்கொள்ளும் விண்ட்வேன் ஒன்றை என் கையாலேயே செய்து அதில் பூட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பேட்டரி, மின்சாரம் எதுவும் வேண்டாம். மேலே மெல்லிய ப்ளைவுட் தகடு, கீழே தண்ணீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பு. படகு திசை மாறினால் காற்று பக்கவாட்டில் அடித்துத் தகட்டைச் சாய்க்கும். தகடு சாய்ந்தால் ஒரு கம்பி துடுப்பைத் திருப்பும். ஓடுகிற தண்ணீர் அந்தத் துடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளும், அந்த வலுவில் கயிறு சுக்கான் கைப்பிடியை இழுத்துப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவந்துவிடும். 1960-இல் பிரிட்டிஷ் படகோட்டி பிளாண்டி ஹாஸ்லர் தன் சின்னப் படகில் ஒரு காற்றுத் தகட்டைப் பூட்டிக்கொண்டு தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தார். அன்றிலிருந்து எத்தனையோ பேர் இதை வீட்டிலேயே செய்திருக்கிறார்கள்.

தகடு, எதிர் எடை, கம்பி எல்லாம் நானே முடித்துவிட்டேன். அடுக்குமாடி வீட்டில் வெல்டிங் அடிக்க முடியாதே, அதனால் துடுப்பைத் தாங்கும் சட்டத்தையும் அதற்கான புஷ்களையும் (தண்டு உள்ளே சுழலும் வளையங்கள்) வெளியே கொடுத்தேன். உப்புத் தண்ணீரில் நிற்பது என்பதால் சட்டத்துக்கு உப்பைத் தாங்கும் ரகமான 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், புஷ்ஷுக்கு டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக். இரண்டையும் வரைபடத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.

பட்டறை மேற்குப் பக்கம், கப்பல் வேலையும் எடுக்கிறவர்கள். சூப்பர்வைசர் நம்ம தமிழ் ஆள்தான். வரைபடத்தை மேஜையில் விரித்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, “இந்த மூலையில ஒரு கஸெட், முக்கோணத் தகடு வெச்சா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும் தம்பி” என்று அவரே வரைந்து காட்டினார். வேலை தெரிந்த மனிதர் என்று அந்த இடத்தில்தான் மனம் விழுந்தது. ராக்கிலிருந்து ஒரு பைப்பை இழுத்து, பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தார். ஒட்டவில்லை. “பாத்தீங்களா? 316. கப்பலுக்கே இதைத்தான் போடுறோம்” என்றார். டெல்ரின் என்று வெள்ளை ராடையும் காட்டினார். “மெட்டீரியல் எடுக்கணும், முழுசாப் போட்டுடுங்க தம்பி.” அங்கேயே நின்று 2,400 வெள்ளியை போன் வழியாகவே பேநவ்வில் அனுப்பினேன்.

சட்டம் வந்தபோது பளபளவென்று இருந்தது. படகில் பூட்டிச் சில வாரத்திலேயே வெல்டிங் ஓரம் முழுக்கப் பழுப்புக் கறை. தேய்த்தால் போனது, அடுத்த வாரம் திரும்ப வந்தது. அப்புறம் துடுப்புத் தண்டு இறுக ஆரம்பித்தது. உபின் தீவுப் பக்கம் பின்காற்றில் போகும்போது தகடு சாய்கிறது, துடுப்பு அசையவே இல்லை. படகு தன் போக்கில் திரும்பி, பாயின் அடிக்கட்டை தடாலென்று மறுபக்கம் பாய்ந்தது. கூட வந்த மச்சான் குனிந்ததால் தலை தப்பியது. கழற்றிப் பார்த்தால் புஷ் ஊதிப்போய்த் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கிறது. டெல்ரின் தண்ணீரில் அப்படி ஊதாது. நைலான்தான் தண்ணீரைக் குடித்து ஊதும்.

கப்பல் பட்டறையில் தரச் சோதனை பார்க்கும் நண்பர் சட்டத்தை வாங்கிப்போய் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்துப் பார்த்தார். 316 என்றால் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும், உப்பைத் தாங்குவதே அதனால்தான். இதில் மாலிப்டினம் பேருக்குக்கூட இல்லை, நிக்கல் குறைவு, மாங்கனீஸ் தூக்கலாக இருந்தது. 201. விலை குறைந்த ரகம். அதிலும் காந்தம் ஒட்டாது! அந்தக் காந்த வித்தை எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

போன் செய்தேன். “கடல் தண்ணின்னா கொஞ்சம் துரு வரத்தான் செய்யும் தம்பி, நல்ல தண்ணியில கழுவுனீங்களா?” சோதனை முடிவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி அழைத்தால் ஆள் லீவு என்றார்கள். நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் இன்வாய்ஸைத் திருப்பிக் காட்டி, “இதில் 316 என்று எங்கே இருக்கு?” என்கிறார். ‘ஸ்டெயின்லெஸ் பைப் வேலை’ என்று மொட்டையாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் லீவில் இருப்பதாகச் சொன்ன அண்ணன் உள்ளே கிரைண்டர் பக்கம் நிற்கிறார், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி பேசுவார் என்றார்கள். இன்றுவரை யாரும் பேசவில்லை. 2,400 வெள்ளி வாங்கும்போது இருந்த அந்தத் ‘தம்பி’ எங்கே போனது?

வரைபடமும், “316-தான் தம்பி, ஆரம்பிச்சாச்சு” என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடப்போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சரி, சொன்னபடி: காந்தத்தைக் காட்டினால் நம்பாதீர்கள். இன்வாய்ஸில் கிரேடு எண் இல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள், உலோகத்தின் ரகத்தைச் சொல்லி அதைத் தயாரித்த ஆலை கொடுக்கும் மில் சர்டிஃபிகேட்டைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெள்ளை ராடைப் பூட்டுவதற்கு முன் ஒரு துண்டை அளந்துவிட்டுச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி அளந்து பாருங்கள். வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். இதே மாதிரி மேற்குப் பக்கப் பட்டறையில் யாராவது இப்போது படகு வேலை கொடுத்திருந்தால், இன்றைக்கே இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள்.