பிழையை மறைத்துவிட்டு ஐயாயிரம் வாங்கிப் போனார்கள்: ரிமோட் உதவி எடுப்பவர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். முழுசாக ஐயாயிரம் போச்சு. ஆன்லைனில் டெக்னீஷியன்களைப் பிடித்துக் கொடுக்கும் தளம் ஒன்றின் வழியாகப் போன பணம். தளத்தின் பெயரைப் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்கிறார்கள், அதனால் போடவில்லை.

என் கணினியில் இருப்பது உபுண்டு, விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம். டிஸ்க் செத்துப்போனதால் புது டிஸ்க் போட்டு பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் ரீஸ்டோர் செய்தேன். படங்கள், கோப்புகள், செட்டிங் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் பயன்படும் ஆப்ட் மட்டும் எழுந்திருக்கவில்லை. எந்தக் கட்டளை கொடுத்தாலும் பேக்கேஜ் (மென்பொருள் பொதி) பட்டியலையோ ஸ்டேட்டஸ் கோப்பையோ படிக்க முடியவில்லை என்று ஒரே பல்லவி. அந்த ஸ்டேட்டஸ் கோப்பு பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று, ஆப்டுக்கு அடியில் இருந்து நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி எழுதி வைக்கும் சாதாரண எழுத்துக் கோப்புதான். ஆனால் அது கெட்டால் எதையும் நிறுவவும் முடியாது, நீக்கவும் முடியாது.

அவசர வேலை இருந்தது. தளத்தில் நல்ல மதிப்பெண் வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். பிழைச் செய்தியைப் படித்ததுமே, "பேக்கப் எடுக்கும்போது அப்டேட் ஓடிக்கிட்டு இருந்துச்சா மேடம்?" என்றார். ஓடியிருக்கத்தான் வேண்டும், ஸ்டேட்டஸ் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. சரியான கேள்வி. அந்த ஒரு கேள்வியில்தான் நம்பிக்கை வந்தது. இப்போது எரிச்சல் வருவதும் அதனால்தான். ஒன்றும் தெரியாத ஆள் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவருக்கு நோய் என்னவென்று தெரிந்திருந்தது.

ஐயாயிரம் என்றார். பணத்தைத் தளத்திடம் கட்டினால், வேலை முடிந்ததாக நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது அவருக்குப் போகும் என்று ஏற்பாடு. கேட்க எவ்வளவு பத்திரமாக இருக்கிறது! ரிமோட்டில் உள்ளே வந்தார், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தார், படபடவென்று எதையோ தட்டினார், ஆப்ட் அப்டேட் ஓட்டினார். பிழை இல்லை. எல்லாப் பேக்கேஜும் புதுப்பித்த நிலையில் இருப்பதாகவே வந்தது. "ஆச்சு மேடம், அந்தத் தளத்துப் பக்கத்தைத் திறந்து வைங்க" என்றார். திறந்தேன். மவுஸ் அவர் கையில் இருந்தது. ‘வேலை முடிந்தது’ என்ற பொத்தானை அவரே அழுத்தினார், ஐந்து நட்சத்திரத்தையும் அவரே போட்டுக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

அப்புறம் ஒரு படத் தொகுப்பு மென்பொருளை நிறுவப் போனேன். புதிதாக நிறுவ வேண்டியவை என்று திரை நிறைய பட்டியல் ஓடுகிறது. அதில் லிப்சி6 என்ற அடிப்படைப் பேக்கேஜ் இருக்கிறது! அது இல்லாமல் கணினி இயங்கவே இயங்காது. ஓடிக்கொண்டிருக்கிற கணினியில் அதைப் புதிதாக நிறுவப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று கொடுத்துவிட்டு, டெர்மினலில் அவர் தட்டியதைப் பின்னோக்கிப் பார்த்தேன். மூன்றே வரி. ஒன்றில் ஸ்டேட்டஸ் கோப்பை அழித்திருக்கிறார். அடுத்ததில் டச் கட்டளையால் அதே பெயரில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறார். மூன்றாவது, எனக்குப் படம் காட்டிய ஆப்ட் அப்டேட். வீடு நிறைய சாமான் இருக்க, சாமான் பட்டியலுக்குப் பதில் வெள்ளைத்தாளை வைத்துவிட்டுப் போன மாதிரி. பட்டியலே காலி என்றால் புதுப்பிக்க என்ன இருக்கும்? அதனால்தான் ‘எல்லாம் புதுப்பித்த நிலையில்’. இந்த மூன்று வரிக்கு ஐயாயிரம்.

அவரைக் கேட்டால் முதலில், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பிறகு, "உங்க பேக்கப்தான் சரியில்ல, ஃபார்மட் பண்ணணும், அதுக்குத் தனி சார்ஜ்." அதற்குப் பிறகு பதிலே கிடையாது. தளத்தில் முறையிட்டால் முதலில் பொறுமைக்கு நன்றி சொல்லும் இயந்திரம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மனிதரைப் பிடித்தால், ஒப்புதல் உங்கள் கணக்கில், உங்கள் கணினியிலிருந்துதான் வந்திருக்கிறது என்கிறார். ஆமாம் ஐயா, என் கணினிதான், அதற்குள் உட்கார்ந்திருந்தது உங்கள் ஆள்! ரிமோட் இணைப்பு இருந்த நேரத்தையும் ஒப்புதல் பதிவான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று எழுதினேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று புகாரை மூடிவிட்டார்கள். ஐயாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், மருந்து என் டிஸ்க்கிலேயே இருந்திருக்கிறது. உபுண்டுவிலும் அதற்கு மூலமான டெபியனிலும் ஸ்டேட்டஸ் கோப்பின் பழைய பிரதிகள் வார் கோப்புறைக்குள் இருக்கும் பேக்கப்ஸ் என்ற கோப்புறையில் தானாகவே சேமிக்கப்படும். கடைசிப் பிரதியின் பெயர் பூஜ்யத்தில் முடியும், அதற்கு முந்தையவை சுருக்கப்பட்டுக் கிடக்கும். விஷயம் தெரிந்த தோழி ஒருத்தி அந்தப் பிரதியை எடுத்து உரிய இடத்தில் வைத்தாள், பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்கச் சொல்லி டிபிகேஜிக்குக் கட்டளை கொடுத்தாள், ஆப்டைக் கொண்டே உடைந்த சார்புகளை (ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவையான மற்றவற்றை) சரிசெய்தாள். பிரதி எடுத்த பிறகு அப்டேட் ஆகியிருந்த சிலவற்றை மட்டும் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. காசு வாங்கவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ரிமோட்டில் ஆள் உள்ளே இருக்கும்போது பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பக்கத்தையும் திறக்காதீர்கள். பிழைச் செய்தி மறைந்ததைப் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள், நிறுவியவற்றின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால் ஏதாவது ஒன்றை நிறுவச் சொல்லுங்கள். யாரையும் தொட விடுவதற்கு முன் ஸ்டேட்டஸ் கோப்பு இருக்கும் டிபிகேஜி கோப்புறையை அப்படியே வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

இந்த ஒப்புதல் பொத்தான் தகராறில் யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று எழுதுங்கள். நான் இன்னும் விடுவதாக இல்லை.