மலிவு டிரெண்டா, கனத்த பருத்தியா, பழையதா: எந்த டி-ஷர்ட் தாங்கும்?

ரீல்ஸில் ஒரே மூச்சில் இருபது டி-ஷர்ட்டைப் போட்டுக் காட்டும்போது நிறமும் வெட்டும் மட்டும்தான் கண்ணில் படும். துணியும் தையலும் எப்படி என்பது நாலைந்து சலவைக்குப் பிறகே தெரியும். அதனால் மலிவான டிரெண்ட் டி-ஷர்ட், கனத்த பருத்தி, பிறர் உடுத்தி விற்கும் பழையது ஆகிய மூன்றையும் எத்தனை முறை உடுத்தலாம் என்ற கணக்கிலேயே பார்ப்போம்.

டிரெண்ட் டி-ஷர்ட் பெரும்பாலும் 120–140 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். உள்ளே கையை விட்டால் விரல்கள் வெளியே தெரியும். இதன் பெரிய கோளாறு பக்கத் தையல் முறுக்கிக்கொள்வது. பின்னல் துணியில் நூலின் முறுக்கு அடங்கிக் கிடக்கும். வெட்டுமுன் சரியாகப் பதப்படுத்தாமல் தைத்துவிட்டால், தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து தையலை வயிற்றுப் பக்கம் இழுத்துவிடும். இஸ்திரி போட்டாலும் அடுத்த சலவையில் மறுபடி திரும்பும். பாலியஸ்டர் கலப்பென்றால் துணிமேல் சின்னச் சின்ன நூல் உருண்டை பிடிக்கும். பருத்தியில் அந்த உருண்டைகள் நாளடைவில் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் நார் வலுவானது, விடாமல் பிடித்துக்கொள்ளும். அலுத்தால் தானம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், கானாவின் அக்ராவிலுள்ள காண்டமாண்டோ சந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பணக்கார நாடுகள் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே இறங்குகின்றன; விலைபோகாதவை வாய்க்காலிலும் கடற்கரையிலும் குவிகின்றன.

கனத்த பருத்தி 180–220 ஜிஎஸ்எம். வாங்கும்போது உள்பக்கம் திருப்பி, தையலின் இருபுறமும் பிடித்து இழுங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம். கழுத்துப் பட்டியை இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தோள் தையலில் உள்ளே பட்டி வைத்திருந்தால் தோள் தொங்காது. ‘ஆர்கானிக்’ என்ற அட்டை பருத்தி விளைந்த விதத்தைச் சொல்லும், துணியின் ஆயுளை அல்ல.

மலிவானது 10 முறை உடுத்த வரும், கனத்தது அதன் 4 மடங்கு விலை என்று வையுங்கள். கனத்ததை 40 முறை உடுத்தினால்தான் கணக்கு நேராகும். 60 முறை என்றால் ஒரு தடவைக்கான செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும். எனவே டிரெண்ட் நிறத்தில் கனத்த டி-ஷர்ட் வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான பேரம்: கிழியும் முன்பே அலுத்துவிடும்.

எங்கள் வாக்கு பழையதற்கே. சுருங்க வேண்டியது சுருங்கி, முறுக்க வேண்டியது முறுக்கி முடிந்திருக்கும். குறை இருந்தால் கண்ணுக்கே தெரியும். செயற்கை இழைத் துணி நுண்ணிழைகளை அதிகம் உதிர்ப்பது முதல் சில சலவைகளில்தான், அதுவும் தாண்டியிருக்கும். அக்குள் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: நைந்திருந்தால் சல்லடையாய்த் தெரியும். மஞ்சள் வியர்வைக் கறை ஊறியிருந்தால் லேசில் போகாது, விட்டுவிடுங்கள். சைஸ் எழுத்தை நம்ப வேண்டாம். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரையும் தோளிலிருந்து கீழ் விளிம்பு வரையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பவரிடம் இதே இரண்டு அளவையும், அக்குளின் உள்பக்கப் படத்தையும் கேளுங்கள்.