38,000 ரூபா போச்சு: பழைய கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பாருங்கோ

கோபம் இன்னும் அடங்கவில்லை. நேற்றுப் பின்னேரம்தான் வவுனியாவிலிருந்து பஸ் ஏறி வந்தேன். போகும்போது மடியில் வைத்துக் கொண்டுபோன அதே கார்ட், வரும்போதும் மடியில். 38,000 ரூபா அங்கேயே நின்றுவிட்டது.

நான் கிளிநொச்சியில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுக்கிறவன். என்னிடம் இருந்தது 2 ஜிபி கார்ட். ஃபோர்கே கோப்பைப் போட்டால் இழுத்து இழுத்து ஓடும். வவுனியாவில் பழைய கொம்பியூட்டர் சாமான் விற்கிற ஒரு கடையில் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி வந்திருக்கிறது என்று கூட்டாளி சொன்னான். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வழக்கு என் தலையில் விழும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அதுதான் வயிறு எரிகிறது. கடைக்கார அண்ணை என்னை ஏசி அறைக்குள் இருத்தி, பிளேன்ரீ எடுப்பித்துத் தந்தார். மேசையில் திறந்தபடி இருந்த ஒரு மதர்போர்டில் கார்டைப் பூட்டி, ஃபர்மார்க் என்ற, கார்டை முழு வேலை வாங்கிச் சூடாக்கிச் சோதிக்கிற மென்பொருளை ஓட விட்டார். திரையில் உரோமம் மூடின வளையம் ஒன்று பத்து நிமிடம் சுற்றியது. வெப்பம் 68 பாகையைத் தாண்டவில்லை.

“பாத்தீங்களே தம்பி, ஒரு புள்ளி விழேல்லை. நான் ஓவர்குளொக் பண்ணித்தான் வச்சிருக்கிறன், மற்றக் கடையள்ல அதுக்கு வேற காசு. இது என்ர மகனுக்கெண்டு எடுத்து வச்சது, நீங்கள் தூரத்தில இருந்து வந்தபடியாத்தான் தாறன்” என்றார். ஓவர்குளொக் என்றால், கம்பனி சொன்ன வேகத்துக்கு மேலே கார்டை ஓட வைப்பது.

விலை 40,000. காசை எண்ணி நீட்டியபோது, இரண்டு ஆயிரத்தை எடுத்துத் திருப்பி என் கையில் வைத்து, “பஸ் காசுக்கு வச்சிருங்கோ” என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். வொரண்டி என்று ஒரு மாதம் வாயால் சொன்னார், நானும் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில் முறிகண்டியில் பஸ் நிற்க, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வீட்டுக்குக் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சந்தோசம்.

ஐந்தாம் நாள், மத்தியானம். என் அறைக்கு மேலே தகரம். தாலி கட்டுகிற இடத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். பொம்பிளையின் கூறைச்சேலையில் திடீரென்று பச்சைச் சதுரங்கள், சதுரங்கப் பலகை மாதிரி வரிசையாக. பிறகு ஐயரின் முகத்தில் ஊதாப் புள்ளிகள். கமரா கோப்புத்தான் பழுதாகிவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. தாலிகட்டை மறுபடி எடுக்க முடியுமா? தங்கச்சியின் லப்டொப்பில் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக ஓடியது.

கேபிளை மாற்றினேன், அதே சதுரம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிப் பார்த்தேன், அதிலும் சதுரம். மொனிட்டரோ கேபிளோ பிழை என்றால் ஸ்கிரீன்ஷொட்டில் விழாது. டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு வேலை செய்ய வைக்கிற மென்பொருளை, டிடியு என்ற துடைக்கிற மென்பொருள் போட்டு அடியோடு துடைத்துத் திரும்பப் போட்டேன். அப்புறம் ஒருநாள் கொம்பியூட்டரைப் போட்ட கையோடு, விண்டோஸ் வரமுதலே, மதர்போர்ட் லோகோவின் மேலேயே புள்ளிகள். அந்த நேரத்தில் டிரைவர் ஏது?

ஓவர்குளொக்கை எடுத்துவிட்டால் சரிவரும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் கார்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் ரீசெட் அழுத்தினேன். கோர், அதாவது கார்டின் முக்கிய சிப், அதன் வேகம் 1,450 மெகாஹேர்ட்ஸிலேயே நிற்கிறது! கார்டின் சிப்பைச் செய்கிற ஏஎம்டி கம்பனி 580க்குச் சொன்ன உச்ச வேகம் 1,340. மனிசன் ஓவர்குளொக்கைக் கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கிற பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார், ரீசெட் செய்தால் அவர் எழுதியதற்குத்தான் திரும்பும். கையால் கோரைக் குறைத்தேன், சதுரம் போகவில்லை. மெமரியை 2,000இலிருந்து 1,700க்கு இறக்கியதும் பாதி குறைந்தது. மெமரி சிப்தான் சாகிறது என்று அப்போது விளங்கியது. கார்டின் விபரம் காட்டுகிற ஜிபியூ-இசட் என்ற மென்பொருள் இன்னொன்றும் காட்டியது: ஷேடர், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடுகிற சின்னப் பகுதிகள், 2,048. உண்மையான 580க்கு 2,304 இருக்க வேண்டும். பெயரிலும் ஏமாற்று.

மச்சான் ஒருவன் ஹீட்சிங்கைக் கழற்றினான். மெமரி சிப்புகளைச் சுற்றி, பற்றவைக்கும்போது பூசுகிற ஃப்ளக்ஸ் பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது, சூட்டைக் கடத்த ஒட்டுகிற பாட்களிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. செத்த பிறகு ஹொட் எயர், அதாவது சூடான காற்று, அடித்து எழுப்பின கார்ட். அப்படி எழுப்பினது கொஞ்ச நாள்தான் ஓடும். 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங், அதாவது கார்ட்களை ஓட விட்டு எதீரியம் என்ற டிஜிட்டல் காசு உழைக்கிற வேலை, நின்றபிறகு இரவுபகலாக ஓடித் தேய்ந்த இப்படியான கார்ட்கள்தான் சந்தைக்கு வந்து குவிந்தன. ஏசிக்குள் பத்து நிமிடம் தாங்கும், தகரத்துக்குக் கீழே எங்கே தாங்கும்?

கோல் எடுத்தேன். முதல்நாள், “டிரைவரை மாத்துங்கோ தம்பி.” இரண்டாம் நாள், “உங்கட பக்கம் கரண்ட் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் போடுங்கோ.” வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன், நீலச்சரி விழுந்தது, பதில் விழவில்லை. நேரே போனால் கடைப் பெடியன், “முதலாளி கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போட்டார்” என்றான். உள்ளே அதே மனிசனின் குரல் கேட்கிறது! நேற்று இரண்டாம் தரம் போனேன். கார்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “நீங்கள் ஓவர்குளொக் பண்ணி எரிச்சுப்போட்டியள். வொரண்டி இல்லை.” நானா பண்ணினேன்? 38,000 ரூபாவுக்கு அதையே பெருமையாகச் சொல்லித்தானே விற்றார்?

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குக் கோல் அடி என்கிறார்கள். அடிக்கத்தான் போகிறேன். ஆனால் கையில் இருப்பது கடைப் பெயரே இல்லாத ஒரு துண்டு. ‘கார்ட் 1 – 38,000’. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், நேரம் இல்லை. பத்து நிமிடச் சோதனையை நம்பாதீர்கள், ஒரு மணித்தியாலமாவது ஓட விடுங்கோ, முடிந்தால் ஏசிக்கு வெளியே. ஜிபியூ-இசட்டைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கோ. கடைப் பெயரும் சீரியல் இலக்கமும் இல்லாத துண்டை வாங்காதீர்கள். ஓவர்குளொக் பண்ணித் தாறன் என்றால் எழும்பி வந்துவிடுங்கோ.

பொம்பிளையின் அப்பா மூன்றாம் தரம் கோல் எடுக்கிறார். அந்தப் பழைய 2 ஜிபி கார்டையே திரும்பப் பூட்டி வைத்திருக்கிறேன். வீடியோ நூற்றுக்குப் பதினொன்றில் நிற்கிறது.